பூ பதியாத தோல்: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கைவேலை முயற்சி

பின்னணி

இந்தக் குறிப்பில் முக்கியமாக வருபவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சி அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர், வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம். இன்னொருவர் அவருடைய அக்கா மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே வீட்டின் கீழ் போர்ஷனிலும் மேல் போர்ஷனிலும் இரண்டு குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், மாமா, பெண் என்றே எழுதுகிறேன்.

நான் மாதவரம் பக்கம் தோல் பை செய்யும் பட்டறையில் பல வருடம் சாம்பிள் போட்டவன். காரியம் பாதி கெட்டிருந்த சமயத்தில்தான் ஒரு நண்பர் மூலமாக இதற்குள் வந்தேன். அதற்கு முன்னால் நடந்ததை அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ரசீதுகளையும் வீணான துண்டுகளையும் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

மாமாவின் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் ஜூன் கடைசியில் ஓய்வு பெற இருந்தார். அவருக்குத் தமிழில் பெயர் பதித்த ஒரு ஏ4 ஃபைல் உறை, கூட வேலை பார்ப்பவர்களுக்குப் பன்னிரண்டு சின்ன நோட்டு உறைகள், எல்லாம் கையால் தைத்தது. திட்டம் இதுதான். பொங்கல் விடுமுறையில் பெண் சொல்ல, மாமா உடனே ஒத்துக்கொண்டார். வரைவது, எழுத்து வெட்டுவது, தைப்பது அவள் பொறுப்பு. பணமும் வாங்கி வருவதும் மாமா பொறுப்பு. ஜனவரி பாதியிலிருந்து ஜூன் வரை நேரம் தாராளமாக இருந்தது.

வீட்டில் பாட்டிக்குச் சம்மதம் இல்லை. தோலை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றார். வாசனை ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. தோலைத் தொட்டு வேலை செய்பவர்களைத் தள்ளி வைத்த சாதிப் பழக்கத்தின் மிச்சம் அது. தோல் பையும் தோல் செருப்பும் வாசல் தாண்டி வரலாம், அதைச் செய்யும் வேலை மட்டும் வரக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியாது. இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. பாட்டியின் பேச்சைத் தட்ட முடியாமல் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் வேலையை வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த இரண்டு சிக்கல்கள் அந்த அறையிலிருந்து வந்தவை.

முதலில் வாங்கியது

மாமா ஆன்லைனில் ஒரு தோல் வேலைப் பெட்டி வாங்கினார். மூவாயிரத்துச் சொச்சம். இருபதுக்கு மேல் பூ அச்சுகள், விளிம்பு சீவும் கருவி, கோடு இழுக்கும் கருவி, சுழல் கத்தி, குத்தூசி, ஊசி, நூல் என்று பெட்டி நிறைய இருந்தது. தோலுக்குப் பெரியமேடு போனார். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து நடை தூரம். சைடன்ஹாம்ஸ் சாலையை ஒட்டிய தெருக்களில் தோல், லைனிங், பக்கிள், ஜிப், பசை என்று இந்தத் தொழிலுக்கு வேண்டிய எல்லாம் கடை கடையாக இருக்கிறது. முதல் கடையில் “நல்ல தோல் வேணும்” என்று கேட்டார். கடைக்காரர் பழுப்பு நிறத்தில் வழவழப்பான மாட்டுத் தோல் ஒன்றை விரித்துக் காட்டினார். தொட்டால் மெத்தென்று இருந்தது. எடுத்துக்கொண்டார்.

கடைக்காரர் மேல் தப்பில்லை. அவர் கொடுத்தது நல்ல தோல்தான். எதற்கு என்று மாமா சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

என்ன நடந்தது

பெண் தோலை ஈரப்படுத்திப் பூ அச்சை வைத்து அடித்தாள். அடித்தவுடன் லேசாகத் தெரிந்த பூ, மறுநாள் காலையில் இல்லை. விளிம்பைத் தண்ணீர் தொட்டு மரக் கட்டையால் எவ்வளவு தேய்த்தாலும் மினுங்கவில்லை, நார் நாராக நின்றது. விளிம்பு சீவும் கருவி வெட்டுவதற்குப் பதில் தோலை இழுத்துக்கொண்டு போனது. துளை போட்டால் தோல் நெகிழ்ந்து, துளைகள் ஒரு வரிசையில் நிற்கவில்லை.

இருவருமே கருவியைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஒரு வகையில் நியாயம்தான், அந்தப் பெட்டியில் பாதிக் கருவிகள் மட்டமானவை. மாமா கனமான அச்சுகள் சிலவற்றைத் தனியாக வாங்கினார். பிறகு வேறொரு விளிம்பு சீவி. பிறகு விளிம்புக்குப் பூசும் ஜப்பான் பசை ஒரு டப்பா. பிறகு பெரிய சுத்தியல். பிப்ரவரி முடிவதற்குள் செலவு ஏழாயிரத்தைத் தாண்டியது. ஒரு நோட்டு உறைகூட முடியவில்லை. எந்தக் கருவி வந்தாலும் அடையாளங்கள் மாறவே இல்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். புது அச்சு, பழைய அச்சு, லேசான அடி, பலமான அடி, எல்லாவற்றிலும் பூ மறைந்தது. நான்கு விதமான கோளாறும் ஒரே நேரத்தில் வந்தால், நான்குக்கும் பொதுவாக இருக்கும் பொருளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இங்கே அது தோல்.

இதைக் கண்டுபிடித்தது நானும் இல்லை. தெரு முனையில் செருப்புத் தைக்கும் பெரியவர். மாமாவின் செருப்பு வார் அறுந்து அவரிடம் போனபோது, பெண் கையிலிருந்த துண்டைக் காட்டினாள்.

“இதுல பூ நிக்க மாட்டேங்குது தாத்தா.”

அவர் துண்டை இரண்டாக மடித்து, விரலால் நீவி, வெட்டிய ஓரத்தைப் பார்த்தார். “இது ஷூவுக்கு மேல போடற தோலும்மா. இழுத்தா திரும்பி வந்துடும். நீ அடிக்கறது எப்படி நிக்கும்?” என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தோலை இனம் கண்டது

அந்த வாரம்தான் நண்பர் என்னிடம் அழைத்து வந்தார். பெரியவர் சொன்னது சரி என்று தெரிந்தாலும், இருவருக்கும் தாங்களே சோதித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

பதனிடும் முறை இரண்டு பெரும் வகை. ஒன்று குரோமிய உப்பில் பதனிட்டது. ஷூ மேல்பாகம், கைப்பை, சோபா, ஜாக்கெட் என்று நாம் அன்றாடம் பார்க்கும் தோலில் பெரும்பகுதி இதுதான். சீக்கிரம் பதமாகும், மென்மையாக இருக்கும், சூட்டையும் ஈரத்தையும் தாங்கும். அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஷூவுக்கு அது பெரிய நன்மை, பூ அடிக்க நினைப்பவருக்கு அதுவே தடை. இன்னொன்று மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்பில் பதனிட்டது. கடையில் வெஜ் டேன் அல்லது வெறுமனே வெஜ் என்பார்கள். நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் இந்த வகை. ஈஸ்ட் இந்தியா தோல், சுருக்கமாக இ.ஐ. தோல், என்று திருச்சி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து நெடுங்காலம் வெளிநாடு போனதும் அதுதான். இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது. இந்த வகைத் தோல் தண்ணீரைக் குடிக்கும், ஈரத்தில் அழுத்தினால் அந்த வடிவத்திலேயே காயும், விளிம்பைத் தேய்த்தால் கண்ணாடி போல மினுங்கும். அவர்களுக்கு வேண்டியது இது.

வெட்டிய ஓரத்தை முதலில் பார்க்கச் சொன்னேன். அவர்களிடம் இருந்த துண்டில் மேலும் கீழும் பழுப்புச் சாயம், நடுவில் நீலம் கலந்த சாம்பல் கோடு. குரோமின் அடையாளம் அது. முழுக்கச் சாயம் ஊறிய தோலில் இந்தக் கோடு மறைந்துவிடும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. அடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே பூச்சு இல்லாத வெஜ் தோலில் சொட்டு உடனே இறங்கி அந்த இடம் கறுக்கும். இதில் முத்தாக உருண்டு நின்றது. கடைசியில் வெந்நீர். சுண்டு விரல் அளவு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டோம். வெஜ் தோலாக இருந்தால் சுருண்டு, கட்டியாகி, சின்னதாகிவிடும். இது போட்டபடியே வெளியே வந்தது.

நெருப்பில் காட்டிச் சாம்பலின் நிறத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. குரோம் தோலை எரித்தால் வரும் புகையும் சாம்பலும் உடம்புக்குக் கேடு. வெந்நீரே போதுமானபோது வீட்டில் அதைச் செய்ய வேண்டாம்.

பெண் கொஞ்சம் சோர்ந்துதான் போனாள். ஏழாயிரத்தில் தோலுக்குப் போனது சிறு பகுதிதான் என்பதும், மீதியெல்லாம் தவறான இடத்தைச் சரிசெய்யப் போனது என்பதும் மாமாவுக்குக் கணக்காகவே புரிந்தது. ரசீதுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு, “இனி தோல் முடிவாகாம ஒரு ஊசிகூட வாங்க வேணாம்மா” என்றார். அந்த முடிவு அவருடையது. இந்த முயற்சி முழுவதிலும் அதைவிடப் பயனுள்ள முடிவு ஒன்று எடுக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுபடியும் பெரியமேடு

இந்த முறை கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே கணக்குப் போட்டோம். நோட்டு ஏ6 அளவு, அதாவது 10.5 செ.மீ. அகலம், 14.8 செ.மீ. உயரம். இரண்டு அட்டை, முதுகு, உள்ளே மடியும் இரண்டு பக்கம் எல்லாம் சேர்த்து ஒரு உறைக்கு 32.5 க்கு 16 செ.மீ. தோல் வேண்டும். பன்னிரண்டுக்கு 6,240 சதுர செ.மீ. ஏ4 ஃபைல் உறைக்கும் உள் பைக்கும் சுமார் 2,070. ஒரு சதுர அடி 929 சதுர செ.மீ. என்பதால், மொத்தம் 9 சதுர அடிக்கு ஒட்டி வருகிறது. மாமா பத்து அடி போதும் என்றார். தோல் துணி மாதிரி நேர் ஓரத்தோடு வராது. கால், வயிறு, கழுத்து என்று வளைந்து வளைந்து இருக்கும். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய தழும்பு, சூடு போட்ட குறி, நுகத்தடி தேய்ந்த இடம் எல்லாம் நம் ஊர் மாட்டுத் தோலில் சாதாரணம். அதனால் முப்பது சதவீதம் கூட்டி 12 அடி என்று வைத்தோம்.

கனத்தையும் முடிவு செய்துகொண்டு போனோம். தோல் வாங்குபவர் மில்லிமீட்டரில் பேசப் பழகிக்கொள்வது நல்லது. வெளிநாட்டு வீடியோக்களில் அவுன்ஸ் என்பார்கள், ஒரு அவுன்ஸ் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. பர்ஸின் உள் மடிப்புக்கு 0.8 முதல் 1 மி.மீ., பர்ஸின் வெளிப்புறத்துக்கும் நோட்டு உறைக்கும் 1.2 முதல் 1.5, பைக்கு 2 முதல் 2.5, பெல்ட்டுக்கு 3 முதல் 4. எங்களுக்கு வேண்டியது ஒன்றரை.

கடையில் பேச்சு இப்படிப் போனது.

“பாய், வெஜ் டேன், ஒன்றரை எம்எம். நோட்டு கவர், மேல பேர் பதிக்கணும்.”

“கலரா, நேச்சுரலா சார்?”

“நேச்சுரல்.”

“பூச்சு இல்லாததுதானே வேணும்? பெரிசா எடுப்பீங்களா, கட் பீஸா?”

போன முறை ஒரே கேள்வியில் முடிந்த கொள்முதல், இந்த முறை அவரே எங்களுக்காக உள்ளேயிருந்து நாலைந்து தோல்களை எடுத்து வந்து பிரித்துக் காட்டும் அளவுக்கு மாறியது. என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னால் கடைக்காரர்கள் உதவுவார்கள். இது என் நெடுநாள் அனுபவம்.

தோலின் பின்பக்கத்தில் எண் குறித்திருக்கும். அது சதுர அடி. எண்ணின் தலைமேல் சின்னதாக இன்னொரு எண் இருந்தால் அது கால் அடிக் கணக்கு. 12 என்று எழுதி மேலே 2 இருந்தால் பன்னிரண்டரை அடி. அந்த அளவுக்குத்தான் காசு. மாமாவுக்கு இதைக் காட்டியபோது, போன முறை ரசீதில் புரியாமல் இருந்த எண் என்ன என்பது விளங்கியது. பெரும்பாலான கடைகளில் தோலை முழுசாகவோ பாதியாகவோதான் கொடுப்பார்கள். பழகிப் பார்க்கிறவர்களுக்குக் கிலோ கணக்கில் விற்கும் மிச்சத் துண்டுகள் போதும். நாங்கள் முதலில் இரண்டு கிலோ வெஜ் துண்டு எடுத்தோம். அதிலிருந்து ஒரு துண்டைக் கடை வாசலிலேயே நனைத்து, நகத்தால் கீறி, கோடு நிற்கிறதா என்று பெண் பார்த்தாள். நின்றது. அப்புறம்தான் பெரிய தோலை விரிக்கச் சொன்னோம்.

ஒரு எச்சரிக்கை இங்கே தேவை. வெஜ் என்று சொல்லிக் கொடுப்பதில் பாதி குரோம், பாதி வெஜ் என்று இரண்டு பதமும் கலந்த தோலும் இருக்கும். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பல வேலைகளுக்கு அது நல்ல தோல். பூ பதிக்கவும் விளிம்பு தேய்க்கவும் மட்டும் அது சரிவராது. பெயரை நம்பாமல் தண்ணீரையும் நகத்தையும் நம்பச் சொன்னது அதற்காகத்தான். விலை, முன்பு வாங்கிய குரோம் தோலைவிட அதிகமாகவே இருந்தது. மாமா பேரம் பேசவில்லை.

வெட்டும்போது முதுகுப் பக்கம் ஃபைல் உறைக்கும் நோட்டு உறைகளின் வெளிப்பக்கத்துக்கும், வயிற்றுப் பக்கம் உள் பைக்கும் என்று பிரித்தோம். முதுகுத் தோல் இறுக்கம், வயிறு நெகிழும். வெளிப்பக்கத்துக்கு வயிற்றை எடுத்தால் ஒரு மாதத்தில் அலை அலையாக நிற்கும்.

எந்தக் கருவி நின்றது, எது போனது

பெட்டியில் இருந்ததில் பெரும்பாலானவற்றை எடுத்து ஓரமாக வைத்தோம். வேலை முடியும் வரை பயன்பட்டவை கொஞ்சம்தான்: 18 மி.மீ. பிளேடு மாட்டும் கட்டர், இரும்பு ஸ்கேல், 4 மி.மீ. இடைவெளியில் பல் உள்ள துளை உளி இரண்டு (இரண்டு பல், ஆறு பல்), குத்தூசி, முனை மழுங்கிய ஊசிகள், 0.8 மி.மீ. மெழுகு நூல், விளிம்பு சீவி, மரச் சுத்தி. துளை உளியை மட்டும் நல்லதாகப் புதிதாக வாங்கச் சொன்னேன். தையலின் அழகு பல்லின் நேர்த்தியில் இருக்கிறது. பெட்டியில் வந்த உளியின் பற்கள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி இருந்தன.

இரும்புச் சுத்தியல் வேண்டாம். உளியின் தலை சிதையும், அடியும் துள்ளும். மரமோ நைலானோ போதும். அடியில் வைக்கக் கிரானைட் கடையில் வெட்டிப் போட்ட துண்டு ஒன்று கிடைத்தது, அதன் கீழே பழைய ரப்பர் மிதியடி. அக்கம்பக்கத்தில் சத்தம் குறைந்தது என்றார்கள். துளை போடும்போது உளி கல்லில் படாமல் இருக்கத் தோலுக்கு அடியில் சமையலறைப் பிளாஸ்டிக் வெட்டுப் பலகை.

பெட்டியின் விளிம்பு சீவியை இருவரும் குப்பையில் போடப் பார்த்தார்கள். அதைத் தீட்டிப் பார்க்கலாம் என்றேன். ஒரு மரத் துண்டில் மிச்சத் தோலை ஒட்டி, பச்சை நிற பாலிஷ் கட்டியைத் தேய்த்து, அதன் மேல் முனையை இழுத்து இழுத்துத் தீட்டினோம். வெஜ் தோலில் அது வெண்ணெயில் போவதுபோல் போனது. தனியாக வாங்கிய இன்னொரு சீவி தேவையே படவில்லை. வாங்கும்போது கூராக இருக்கும் கருவி இந்தத் தொழிலில் அபூர்வம். தீட்டத் தெரியாமல் விலை உயர்ந்த கருவி வாங்குவதில் அர்த்தம் இல்லை.

தையல் இரண்டு ஊசித் தையல். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் போய் வரும். ஒரு கண்ணி அறுந்தாலும் பக்கத்துக் கண்ணிகள் பிரிந்து ஓடாது. தைக்க வேண்டிய நீளத்தைப்போல் நாலு மடங்கு நூல் எடுத்துக்கொண்டால் நடுவில் தீராது. தேன்மெழுகு ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கினார்கள். நூலுக்கும் விளிம்புக்கும் இரண்டுக்கும் ஆனது.

பெயர் பதிக்க ஆங்கில எழுத்து அச்சுகள் கடையில் கிடைக்கும். தமிழுக்கு அப்படி எழுத்துவாரியாகக் கிடைக்கவில்லை. பெண் சுழல் கத்தியால் வெட்டிப் பார்த்தாள். நம் எழுத்தின் சுழிகள் அந்தக் கத்திக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் ஒரே பெயரில் நாலு சுழி வந்தால் நாலும் நாலு விதமாக நின்றன. கடைசியில் சீல் செய்யும் கடையில் பெயரை இடவலம் மாற்றிப் பித்தளையில் வெட்டி வாங்கினார்கள். நனைத்த தோலில் அதை வைத்து ஒரு மேசை இடுக்கியால் அழுத்தினோம். அடிப்பதைவிட அழுத்துவது சீராக வந்தது.

ஈரத்தின் அளவு முக்கியம். ஸ்பாஞ்சால் நனைத்த உடனே பதிக்கக் கூடாது. தண்ணீர் உள்ளே இறங்கி, மேல்பரப்பு மறுபடி பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும்போது, தொட்டால் மட்டும் குளிர்ச்சி தெரியும். அதுதான் நேரம். தகரக் கூரை அறையில் மே மாதம் அந்த நேரம் சில நிமிடங்கள்தான். பசையும் அப்படியே, தடவி முடிப்பதற்குள் ஆடை கட்டிவிடும். இரண்டையும் காலை ஏழு மணிக்கு முன்னால் என்று மாற்றிக்கொண்டார்கள்.

கருநீலக் கறை

மே மாதக் கடைசியில் ஒரு காலை, பெண் பதற்றமாகப் போன் செய்தாள். முதல் நாள் இரவு நனைத்து வைத்த மூன்று உறைகளில் கருநீலத் திட்டுகள். பூஞ்சை என்று நினைத்து வினிகரால் துடைத்திருக்கிறாள். திட்டு இன்னும் கறுத்துப் பரவியது.

நேரில் போய்ப் பார்த்தேன். மாடி அறையில் மேசையாக இருந்தது பெயிண்ட் உதிர்ந்த பழைய இரும்புக் கட்டில் பலகை. ஈரத் தோல் அதன் மேல் இரவு முழுவதும் கிடந்திருக்கிறது. வெஜ் தோலில் துவர்ப்பு இருக்கிறது. துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு மைதான். கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சியது இதே முறையில். வினிகர் துருவைக் கரைத்து உள்ளே இறக்கிவிட்டது. குரோம் தோலோடு போராடிய நாட்களில் அதே மேசையில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் மேசையை யாரும் சந்தேகப்படவில்லை.

ஆக்ஸாலிக் அமிலம் ஒரு டீஸ்பூன், அரை லிட்டர் தண்ணீரில். கையுறை போட்டு, தனிப் பாத்திரத்தில், உறை முழுவதும் சமமாகத் தடவினோம். இடம் இடமாகத் தடவினால் வேறு நிறத் திட்டு வரும். அமிலம் விஷம். மிச்சத்தை அடையாளம் எழுதாமல் பாட்டிலில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து நிழலில் காயவிட்டோம். இரண்டு உறைகளில் கறை மங்கி, அடர் பழுப்புச் சாயத்துக்குள் மறைந்தது. மூன்றாவதில் போகவில்லை. அதைத் தூக்கிப்போட வேண்டாம் என்று பெண் சொன்னாள். இரும்பு நார் ஊறிய வினிகரை முழுக்கப் பூசி வேண்டுமென்றே கறுப்பாக்கி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அமிலத்தை முறித்து, காய்ந்ததும் எண்ணெய் பூசினோம். சாயம் மேலே உட்காராமல் தோலோடு சேர்ந்த கறுப்பு அது, கையில் ஒட்டாது. ஆனால் முறிக்காமல் விட்டால் நாளாவட்டத்தில் தோல் வெடிக்கும்.

மேசை மேல் லேமினேட் பலகை போட்டார்கள். கட்டரைத் தீட்டும் வேலை, இரும்புத் தூள் பறக்கும் எந்த வேலையும் தனி மூலைக்குப் போனது.

ஜூன், பிறகு மழை

ஓய்வு பெறும் நாளுக்கு ஃபைல் உறையும் ஒன்பது நோட்டு உறைகளும் தயாராக இருந்தன. மீதி மூன்று ஜூலையில் முடிந்தன. பதித்த பெயர் இன்றுவரை முதல் நாள் போலவே இருக்கிறது என்று மாமா சொல்கிறார். ஃபைல் உறையின் ஒரு மூலையில் தையல் கோடு லேசாக விலகியிருந்தது. பெண்ணுக்கு அது உறுத்தல். வாங்கியவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் அடுத்த சிக்கல். மிச்சத் தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மாடி அறையில் வைத்திருந்தார்கள். வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. வெளியே எடுத்து, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டார்கள். பெரும்பகுதி தப்பியது. தோல் மூச்சுவிட வேண்டிய பொருள். பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து தூக்கி, காற்று வரும் இடத்தில் வைக்க வேண்டும். கடலோரத்தில் கூரையில் ஒழுகும் தகர அறை அதற்கு இடமே இல்லை.

இங்கே பெண்ணின் அம்மா தலையிட்டார். தோல், கருவி எல்லாவற்றையும் மேல் போர்ஷன் முன்னறைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பாட்டியின் எண்ணம் மாறியதாகச் சொல்ல முடியாது. அவர் அந்த அறைக்குள் வருவதைக் குறைத்துக்கொண்டார். அம்மா தன் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை.

முதலில் வாங்கிய குரோம் தோல் வீணாகவில்லை. விளிம்பைத் தேய்த்து மினுக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும், ஓரங்களைச் சீவி மெலிதாக்கி, மடித்து ஒட்டி, ஜிப் வைத்த சின்னப் பைகளாகத் தைத்தார்கள். அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான தோல் கிடைத்திருக்காது. பூ அச்சுகளில் பாதி இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றன.

என்ன மாறும்

இன்னொரு முறை இதே மாதிரி ஒருவர் வந்தால், பெட்டி வாங்காதீர்கள் என்பதை விட முதலில் ஒரு கிலோ மிச்சத் துண்டு வாங்குங்கள் என்றே சொல்வேன். குரோம் அரைக் கிலோ, வெஜ் அரைக் கிலோ. இரண்டையும் நனைத்து, மடித்து, வெட்டி, கொதிநீரில் போட்டுப் பார்த்தால் எந்தக் கருவி தேவை என்பது அதிலேயே தெரிந்துவிடும். வேலை செய்யும் இடத்தையும் அப்போதே பார்ப்பேன்: மேசையில் இரும்பு தெரிகிறதா, மழைக்காலத்தில் தோல் எங்கே இருக்கும், பகலில் அறை எவ்வளவு சூடாகும். இந்த வீட்டில் நான் முதல் முறை போனபோது தோலை மட்டும் பார்த்தேன், மேசையைப் பார்க்கச் சொல்லி எனக்கும் யாரும் சொல்லவில்லை.

தெரு முனைப் பெரியவரிடம் முதலிலேயே போயிருந்தால் இரண்டு மாதமும் பாதிப் பணமும் மிஞ்சியிருக்கும். கொக்கி வைத்த குத்தூசியால் அடியிலிருக்கும் நூலை மேலே இழுத்து, அந்தக் கண்ணிக்குள் மறு நூலைக் கோத்து அவர் போடும் தையல், நாங்கள் ஒரு மணி நேரம் இரண்டு ஊசியால் தைப்பதைப் பத்து நிமிடத்தில் முடிக்கும். பெண் இப்போது சனிக்கிழமைகளில் அவரிடம் கற்றுக்கொள்கிறாள். டியூஷனுக்குக் கொடுப்பதைப்போல் அதற்கும் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன். கொடுக்கிறார்.

அடுத்து பெல்ட் செய்யப் போகிறார்கள். 3.5 மி.மீ. வெஜ் எருமைத் தோல், முதுகுத் தண்டை ஒட்டி நீளவாக்கில் வெட்டியது. தோல் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு சாண் துண்டு முதலில் வரும். அதை நனைத்தும் வளைத்தும் பார்த்த பிறகுதான் பக்கிள் வாங்குவதாக மாமா சொல்லியிருக்கிறார்.